பிரெஞ்சு உச்சரிப்பு: காதை மட்டும் நம்புவதால் வரும் தவறுகள்

அரிசி, தெரு, சக்கரம் மூன்றுக்கும் பிரெஞ்சில் ஓரசைச் சொற்களே. தமிழில் எழுதினால் அரிசி 'ரி'. மற்ற இரண்டும் 'ரு'. முதல் தவறு இங்கேதான் பிறக்கிறது. தெருவைக் குறிக்கும் சொல்லில் இருப்பது நம் உகரமே அல்ல. நாக்கு இகரத்தின் இடத்திலேயே முன்னால் நிற்க, உதடுகள் மட்டும் குவிந்து நீளும் ஒலி அது. தமிழில் உதடு குவிந்தால் நாக்கும் பின்வாங்கிவிடும். இரண்டையும் தனித்தனியே இயக்கி நமக்குப் பழக்கமில்லை. எனவே தமிழ் எழுத்தில் குறித்துவைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். 'ஈ' என்று நீட்டியபடி, நாக்கை அசைக்காமல் உதடுகளைக் குவித்துப் பாருங்கள்.

பலர் இதை 'ரியு' என்கிறார்கள். உதடு தாமதமாகக் குவிவதே காரணம். பிரெஞ்சுக்காரர்களின் உதடுகள் ஒலிக்கு முன்பே புறப்பட்டுவிடும். 'சினிஸ்த்ர் ஸ்த்ருக்துர்' என்ற சொற்றொடரில் இடையே ஆறு மெய்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தொடக்கத்திலேயே மேலுதடு அடுத்த உயிருக்காக நீளத் தொடங்குவதை 1974இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி இது. ஆகவே 'ர்' சொல்லும்போதே உதடு குவிந்திருக்கட்டும்.

நம் குற்றியலுகரமும் இடறும். 'பாட்டு', 'காசு' என்னும்போது உதடு குவிவதில்லை. அதே தளர்ச்சியோடு 'வு' (நீங்கள்) என்றால் பிரெஞ்சுச் சொல் ஆகாது.

உதட்டைப் பார்ப்பது காது கேளாதோருக்கு மட்டுமே உதவும் என்று எண்ணுவதும் பிழை. கனடாவின் மொன்றியாலில் ஒலியியல் ஆய்வாளர் லூசி மெனார் குழுவினர் பிறவியிலேயே பார்வையற்ற பிரெஞ்சுப் பேச்சாளர்களை ஆராய்ந்தார்கள். உயிரொலிகளைக் காதால் பிரித்தறிவதில் அவர்கள் பார்வையுள்ளோரை விஞ்சினார்கள். ஆனால் பேசும்போது உதட்டைக் குறைவாகவே நீட்டினார்கள், நாக்கைக் கூடுதலாக இயக்கினார்கள். கண் பார்ப்பது வாயின் அசைவையும் வடிவமைக்கிறது. ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் படிப்பவர் இந்த உதவியைத் தாமாகவே இழக்கிறார். பேசுபவரின் முகம் தெரியும் காணொளியைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணையே முழுதாக நம்பிவிடவும் கூடாது. அரிசியையும் தெருவையும் கண் எளிதில் பிரித்துவிடும். தெருவும் சக்கரமும் உதட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்; வேறுபாடு வாய்க்குள், நாக்கில் இருக்கிறது. அந்த இணைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.