12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ல அவுட்புட்டே வரலையா? இந்த வரிசையில தேடுங்க

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு நம்ம பக்கம் எத்தனையோ பெரிய வீடு பூட்டியேதான் கெடக்கு, வீட்டுக்காரங்க சென்னையிலயோ மலேசியாவுலயோ இருந்துக்கிட்டு போன்ல கேமராவப் பாத்துக்கிறாங்க. அந்த கேமரா எல்லாமே ஒரே நேரத்துல இருட்டாயிருச்சுன்னா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது வீட்டுக் கரண்ட்ட 12 வோல்ட்டா மாத்திக் குடுக்குற சப்ளை பெட்டியத்தான், அதான் எஸ்எம்பிஎஸ். புதுசு வாங்கி மாட்டிரலாம், ஆனா வேலை கத்துக்க நெனைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இதவிட நல்ல போர்டு கெடைக்காது. சப்ளைய ஓட்டுற கன்ட்ரோல் சிப்பா யூசி 3842 ஐசி போட்ட 5 ஆம்பியர் பெட்டிய வச்சுச் சொல்றேன்.

திறக்குறதுக்கு முன்னாடி கேமரா வயரையெல்லாம் கழட்டிட்டு அவுட்புட்ட மட்டும் அளந்து பாருங்க. 12 வோல்ட் வந்துருச்சுன்னா பெட்டி நல்லாருக்கு, எங்கயோ கேபிள்ல ஷார்ட்டு.

வரலையா, பிளக்கப் பிடுங்கிட்டுத் திறங்க. இப்ப சொல்றத தயவுசெஞ்சு ரெண்டு தடவ படிங்க. உள்ள வர்ற 230 வோல்ட் ஏசி, அத டிசியா மாத்துற பிரிட்ஜ் டயோடத் தாண்டி பெரிய கெபாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் டிசியா நிக்கும், ஓடுற சப்ளைன்னா ஆஃப் பண்ணதும் அதுவே இழுத்துத் தீத்துரும், ஆனா ஓடாத சப்ளையில அந்த சார்ஜ எடுக்க ஆளே இல்ல, பிளக் கையில இருந்தாலும் அது அப்படியே நிக்கும். அதனால செத்த போர்டுதான் அதிக ஆபத்து. 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர இன்சுலேஷன் உள்ள வயர்ல கட்டி, கெபாசிட்டர் ரெண்டு காலுக்கும் பத்து எண்ணுற வரைக்கும் வச்சு எடுங்க, பெறகு மீட்டர் வச்சு வோல்ட் இல்லன்னு பாத்துட்டுத் தொடுங்க. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க.

அடுத்து பியூஸ். கண்ணாடி கருகிப் போயிருந்தா பின்னாடி டெட் ஷார்ட் இருக்கு, புது பியூஸ் போட்டா அதுவும் போயிரும். வோல்ட் எகிறுனா போர்டக் காப்பாத்துற எம்ஓவி வெடிச்சிருக்கா, பிரிட்ஜ் டயோடு ரெண்டு பக்கமும் பீப் அடிக்குதா, கரண்ட்ட வேகமா ஆன் ஆஃப் பண்ற மாஸ்ஃபெட்ல டிரெய்ன், சோர்ஸ்ங்கிற ரெண்டு கால் ஷார்ட்டான்னு பாருங்க. மாஸ்ஃபெட் போயிருந்தா அதோட சோர்ஸ்ல இருக்குற சின்ன ஓம் ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், ஐசி மூணையும் சேத்து மாத்துங்க, மாஸ்ஃபெட்ட மட்டும் மாத்துனா பெரும்பாலும் திரும்ப வெடிக்கும். இந்த எடத்துல செத்த பல்லி குறுக்க காஞ்சு கெடக்குறதும் உண்டு, எடுத்துட்டு போர்ட நல்லா தொடச்சிருங்க.

இனிமே கரண்ட் குடுக்குறதுன்னா சீரிஸ் பல்பு வழியாத்தான், அதாவது போர்டுக்குப் போற ஒரு வயர்ல நடுவுல கோத்த பல்பு. 60 வாட் குண்டு பல்பு, எல்இடி ஆகாது. பளிச்சுன்னு எரிஞ்சு அப்படியே நின்னா இன்னும் ஷார்ட் இருக்கு, ஒரு தடவ மின்னி அணைஞ்சா மேல போகலாம்.

மீட்டரோட கறுப்பு வயர, கரண்ட் இல்லாதப்பவே பெரிய கெபாசிட்டரோட மைனஸ்ல கிளிப் போட்டு மாட்டிருங்க, அவுட்புட் மைனஸ்ல வச்சு இந்தப் பக்கத்த அளந்தா ரீடிங் தப்பாத்தான் வரும். ஒரு கைய மட்டும் வச்சு அளங்க. கெபாசிட்டர்ல 325 பக்கம் இருக்கணும். அதுவே இல்லன்னா, ஆன் பண்றப்ப பாயுற கரண்ட்டத் தடுக்குற என்டிசியோ பிரிட்ஜோ ஓப்பன்.

325 இருக்கு, அவுட்புட் இல்ல, இதுதான் நெறைய வர்ற கேஸ். ஐசிக்கு சப்ளை வர்ற 7ஆம் காலப் பாருங்க. அங்க ஒண்ணுமே இல்லன்னா ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் ஓப்பன். 3842 ஐசி 16 வோல்ட் வந்தாத்தான் எந்திரிக்கும், 10க்குக் கீழ எறங்குனா படுத்துரும், 7ஆம் கால்ல வோல்ட் அந்த ரெண்டுக்கும் நடுவுல ஏறி ஏறி எறங்குனா ஐசி முயற்சி பண்ணுது, நிக்க முடியல. அப்ப பிளக்கப் பிடுங்கி, முன்ன சொன்ன மாதிரி பெரிய கெபாசிட்டர் சார்ஜ எடுத்துட்டு, 7ஆம் காலோட சேந்த 47 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) 50 வோல்ட் குட்டி கெபாசிட்டரக் கழட்டி அளங்க. மேல உப்பிருக்காது, புதுசாட்டமே இருக்கும், மீட்டர்ல வச்சா 5, 6 எம்எஃப்டி காட்டும். ராத்திரி பகலா ஓடுற பெட்டியில சூட்டுல காஞ்சுபோகுது, ஆனாலும் ஓடிக்கிட்டிருக்குறப்ப தெரியாது, மாசாந்திர பராமரிப்புக்குக் கரண்ட்ட நிப்பாட்டி சாயங்காலம் விடுறப்பதான் எந்திரிக்காம நிக்கும். ‘நேத்து வரைக்கும் ஓடுச்சுண்ணே’ன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னா நான் மொதல்ல கை வைக்கிறது இதுலதான். 105 டிகிரி போட்டதா வாங்கி மாத்துங்க, ரொம்பக் கம்மி காசுதான்.

அது நல்லாருந்தும் டிக் டிக்னு சத்தம் வந்தா அவுட்புட் பக்கம் ஹீட்சிங்க்ல இருக்குற டயோடு ஷார்ட்டான்னு பாருங்க, அங்க உப்புன கெபாசிட்டர் இருந்தா அதையும் மாத்துங்க. இதெல்லாம் சரின்னா கடைசியா, அவுட்புட் வோல்ட்டக் கவனிச்சு ஐசிக்குச் சேதி சொல்ற டிஎல் 431, பிசி 817 ரெண்டையும் மாத்திப் பாருங்க.

12 வோல்ட் வந்ததும் சந்தோசத்துல உடனே கொண்டுபோய் மாட்டிராதீங்க. சீரிஸ் பல்ப எடுத்துட்டு நேரா கரண்ட் குடுத்து, அவுட்புட்ல 21 வாட் கார் இன்டிகேட்டர் பல்பு ஒண்ணு போட்டு அரை மணி நேரம் எரிய விடுங்க. மாட்டுறப்ப மொட்டை மாடி வெயில்ல வேண்டாம், முகப்புல காத்து வர்ற எடமாப் பாத்து மாட்டி, பல்லி போகாம ஓட்டைக்கு மேல கொசுவலைக் கம்பி கட்டுங்க, டேப்பு போட்டு மூடிராதீங்க.