டோலோவும் டைலினாலும் ஒரே மருந்துதான்: அமெரிக்கா வருகிறவர்கள் கவனத்துக்கு

ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டும்போது என்னைக் கூப்பிட்டு, "அக்கா, என்ன மாத்திரை எடுத்துட்டு வரட்டும்?" என்று கேட்பார்கள். போன ஜனவரி வரைக்கும் நானும் "டோலோ 650 பத்து அட்டை, சளிக்கு சினரெஸ்ட், உடம்பு வலிக்கு காம்பிஃப்ளாம்" என்று யோசிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் அட்டை வந்ததும் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த இன்சூரன்ஸை ஏற்கும் குடும்ப மருத்துவரிடம் உடம்பு நன்றாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். காய்ச்சல் வந்தபிறகு கேட்டால் பல நாள் தள்ளித்தான் தேதி கிடைக்கும். சாதாரணக் காய்ச்சல், சுளுக்கு என்றால் அர்ஜென்ட் கேர் எனும், அன்றன்றே பார்க்கும் சின்ன கிளினிக் போதும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 911 என்ற அவசர எண். ஆன்டிபயாடிக் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்காது. படிக்க வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றுகளைக் கையோடு கொண்டுவாருங்கள். மற்றதை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தி மகன் நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவனுக்குக் குளிர் புதிது. ஃப்ளூ வந்து 103 டிகிரி காய்ச்சல். ஊர்ப் பழக்கப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒரு டோலோ போட்டுக்கொண்டான். அறையில் கூட இருந்த பையன், பாவம், நல்ல மனசோடு தன்னிடம் இருந்த டைலினாலைக் கொடுத்திருக்கிறான். தூக்கம் வரட்டும் என்று இன்னொருவன் நைக்வில் என்ற சளி மருந்து வாங்கி வந்திருக்கிறான். மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போன். "அக்கா, ராத்திரி பூரா வாந்தி. எதுவும் உள்ள இறங்கல."

கஞ்சியும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் காலி டோலோ அட்டை, சிவப்பு டைலினால் டப்பா, பச்சை நைக்வில் பாட்டில். அடுத்த வேளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் டப்பாவைத் திருப்பினேன். அசெட்டமினோஃபென், 500 மில்லிகிராம். பாட்டிலைத் திருப்பினேன். அதிலும் அசெட்டமினோஃபென், 30 மில்லியில் 650. போனில் தேடினேன். அசெட்டமினோஃபென் என்பது நம்முடைய பாராசிட்டமால்.

வேதியியலில் இந்த மருந்தின் முழுப்பெயர் பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். அந்த ஒரே பெயரை அமெரிக்காக்காரர்கள் ஒரு விதமாக வெட்டினார்கள், நாம் பழகிய பெயர் இன்னொரு விதமாக வெட்டியது. இலங்கையில் பனடோல் என்று சொல்வதும் இதே மருந்துதான்.

அங்கே கிடந்த ஒரு தபால் உறையின் பின்பக்கத்தில் முந்தின நாள் கணக்கை எழுதினேன். டோலோ நான்கு, 2,600. டைலினால் இரண்டிரண்டாக இரண்டு வேளை, 2,000. நைக்வில் இரண்டு வேளை, 1,300. மொத்தம் 5,900 மில்லிகிராம். அதற்கு முந்தின நாளும் ஏறக்குறைய அவ்வளவு. பெரியவர்களுக்கே ஒரு நாளுக்கு 4,000தான் எல்லை. 500 மில்லிகிராம் டைலினாலில் 2011க்குப் பிறகு 3,000 என்றுதான் போடுகிறார்கள்.

விஷ முறிவு உதவி எண்ணுக்கு அடித்தேன்: 1-800-222-1222. இதை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு கிடையாது, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். எடுத்த அம்மா கணக்கைக் கேட்டுவிட்டு, "உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் கெடுதல் இல்லாமல் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப்பொருளாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் செயலிழக்க வைக்கும். மருந்து அளவு மீறும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. இவனைப் போல இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தால் கையிருப்பு இன்னும் குறைவு. மது குடிக்கிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். இதில் பயங்கரம் என்னவென்றால், முதல் நாள் ஒன்றுமே தெரியாது, அல்லது குமட்டலும் வாந்தியும் மட்டும் இருக்கும். ஃப்ளூவுக்கும் அதேதானே? அமெரிக்காவில் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முதல் காரணமே இந்த மருந்துதான் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. நம் வீட்டில் மஞ்சள்தூள் டப்பா மாதிரி கிடக்கிற மாத்திரை!

இந்த நச்சுக்கு முறிவு மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்துபோன குளூட்டாதயோனை உடம்பு திரும்ப உண்டாக்க உதவுவது. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது, எட்டு மணி நேரத்துக்குள் என்றால் மிகவும் நல்லது. 21 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனையில் அவன் கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. மூன்று இரவு அங்கேயே. சித்தி வீடியோவில் "நான் கொடுத்துவிட்ட மாத்திரையாலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். என்ன பதில் சொல்வது? மாத்திரை நல்ல மாத்திரைதான் சித்தி, பெயர்தான் மாறிப்போனது என்றேன். அந்த வருஷ இன்சூரன்ஸில் அவன் கைக்காசு போட வேண்டிய தொகை முழுவதும் அந்த மூன்று இரவில் கரைந்தது.

ஊரில் மெடிக்கலில் இருக்கும் அண்ணன் "தம்பி, அதுலயும் பாரா இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் போடாதே" என்று சொல்லியே கொடுப்பார். இங்கே அலமாரியிலிருந்து நீங்களே எடுத்துக்கொண்டு வருவீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே டப்பாவின் முகப்பைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தில் ‘டிரக் ஃபேக்ட்ஸ்’ என்ற கட்டத்தின் முதல் வரியைப் படியுங்கள். பல் பிடுங்கியபின் தரும் சில வலி மாத்திரைகளிலும் அசெட்டமினோஃபென் கலந்திருக்கும். அந்தப் பாட்டிலில் சில சமயம் ஏ.பி.ஏ.பி. (APAP) என்ற நான்கு எழுத்து மட்டும்தான் இருக்கும். இங்கே கிடைக்கும் அட்வில் என்ற வலி மாத்திரை வேறு, அது ஐபுப்ரோஃபென். ஆனால் நம்மூர் காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் உண்டு. சினரெஸ்டிலும் பாராசிட்டமால் உண்டு.

கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். நம்மூர் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும், 250 இருக்கிறதும் உண்டு. சொட்டு மருந்து ஒரு மில்லிக்கே 100. இங்கே குழந்தைகளுக்கு 5 மில்லிக்கு 160. ஊரில் டாக்டர் சொன்ன மில்லிக் கணக்கை இங்கே வாங்கிய பாட்டிலில் அளக்காதீர்கள். குழந்தையின் எடையைச் சொல்லி மருந்துக்கடையில் இருக்கும் பார்மசிஸ்டிடம் கேளுங்கள். கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள், அதற்குக் கட்டணமும் இல்லை.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்கள் எல்லாம் சரியாகிவிட்டன. சென்ற மாதம் சித்தி அனுப்பிய பார்சலில் இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அடியில் நான்கு மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் சின்னத் தாள் ஒட்டி, பேனாவால் ‘பாரா’ என்று எழுதியிருந்தார்.