பானெட் அதிர்கிறதா? ஃபோம் வைத்து நிறுத்தும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய புரோட்டோன் சாகா கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். தார்ச்சாலை முடிந்து செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கியதுமே பானெட் கடகடவென்று அதிரத் தொடங்கிவிடும். பலர் எஞ்சினைச் சந்தேகித்துப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன் பானெட்டின் நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலி டின்னைத் தட்டியது போல ஒலி நீண்டால் குறை அங்கேதான்.

பானெட்டின் மேல்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதன் அடியில் விறைப்பான குறுக்குச்சட்டம் ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றையொன்று உரசாமலிருக்க, தொழிற்சாலையிலேயே இடையிடையே ரப்பர் போன்ற பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்திருப்பார்கள். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் வெந்த அந்தப் பசை, நகத்தால் கீறினால் காய்ந்த ரொட்டித்தூளாக உதிரும். பிடிமானம் போன தகடு தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. அந்தப் பசையின் வேலையைத்தான் இப்போது ஃபோமிடம் கொடுக்கப்போகிறோம்.

நீர் உறிஞ்சாத ஈபிடிஎம் (EPDM) என்னும் செயற்கை ரப்பர் ஃபோம் வாங்குங்கள், ஒரு பக்கம் பசையுள்ளதாக. கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் வேண்டாம். சோபா பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். பால்மரக் காட்டில் வளர்ந்தவர்கள் நாம், காய்ந்த ரப்பர் பாலையே செருகிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இயற்கை ரப்பர் சூட்டில் கெட்டுவிடும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது விரியும்போது தகட்டையே வெளியே தள்ளிவிடும்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, நிழலில் நிறுத்தித் தொடங்குங்கள். உதிரும் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, சட்டத்தின் மேற்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். புழுதியும் எண்ணெயும் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது.

அடுத்து இடைவெளியை அளக்க வேண்டும். இதில்தான் பொறுமை தேவை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இடுக்கில் செருகுங்கள். இழுத்தால் லேசாகப் பிடிக்கும் நிலை வந்ததும் வெளியே எடுத்து அடுக்கின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் வந்தால் 8 மில்லிமீட்டர் ஃபோம் சரி. அது கால் பங்கு அமுங்கி உட்காரும். அதற்கு மேல் தடித்தது வைத்தால், வெயிலில் பார்க்கும்போது மேல்தகட்டில் சிறு மேடுகள் தெரியும். ஃபோம் தகட்டைத் தாங்க வேண்டும், தள்ளக்கூடாது. இடத்துக்கு இடம் இடைவெளி மாறும் என்பதால் ஒவ்வொரு பொட்டுக்கும் தனியாக அளவெடுங்கள்.

ஃபோமைக் கட்டைவிரல் நீளத்துண்டுகளாக வெட்டுங்கள். பசைத்தாளை முழுவதும் உரித்துவிட்டுச் செருகினால் பாதி வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். தாளின் ஒரு முனையை மட்டும் உரித்துப் பின்னோக்கி மடித்து, அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பசைப்பக்கத்தைச் சட்டத்தின் மேல் வையுங்கள். மர அடிக்கோலால் ஃபோமை அமுக்கியபடி உள்ளே தள்ளி, இடத்தில் உட்கார்ந்ததும் வாலை மெதுவாக இழுங்கள். தாள் வெளியே வந்துவிடும், துண்டு அங்கேயே நிற்கும். துண்டுகளுக்கிடையே இடம் விடுங்கள். சட்டத்தின் ஓரத்திலுள்ள நீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள்.

இப்போது மறுபடி தட்டுங்கள். ஒலி உடனே அடங்கும். கதவின் உள்ளே இருக்கும் தடுப்புக் கம்பிக்கும் இதே முறைதான். கண்ணாடி வழியாக மழைநீர் இறங்கும் இடமாகையால் அங்கே துண்டுகளுக்கிடையே இன்னும் தாராளமாக இடம் விடுங்கள்.

ஒரு வாரம் தோட்டப் பாதையில் ஓட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் விரலால் நெம்பிப் பாருங்கள். நகர்வதை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை மீண்டும் அட்டையால் அளந்து புதிய துண்டு வையுங்கள்.