ஒன்றரை ஷிப்டுக்கு நடுவே உடம்பைக் கவனிக்க ஒரு வழி

கோபம் வாய்க்கு வருவதற்கு முன்பே தாடை இறுகிவிடும். கழுத்துவலி ராத்திரி படுக்கும்போதுதான் தெரிகிறது, ஆனால் தோள் காதுப்பக்கம் ஏறி நின்றது காலை பத்து மணிக்கே. உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் மனசு நாளைய டெலிவரியிலோ நேற்றைய சண்டையிலோ இருப்பதால் சேதி வந்து சேருவதில்லை. மனசையும் உடம்பையும் ஒரே இடத்தில் வைக்கப் பெரிய தத்துவம் தேவையில்லை. இந்தச் சேதிகளைச் சீக்கிரம் பிடிக்கப் பழகினால் போதும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவரிடம் தினமும் அரைமணி நேரம் கண்மூடி உட்காரச் சொன்னால் நடக்காது. தனி நேரம் தேடாமல், ஏற்கெனவே நடக்கிற மூன்று வேலைகளோடு பயிற்சியைக் கட்டிவிடுங்கள்: காலை டீ, மதியச் சாப்பாடு, ராத்திரி படுக்கை. தினசரிக் கணக்கில் மூன்றுக்கு மேல் வேண்டாம், மெஷினிலும் நடையிலும் செய்யச் சொல்வதெல்லாம் வாய்ப்புக் கிடைத்தால் மட்டும். நாள் முழுக்கக் கவனமாக இருக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் ஒரு வாரத்துக்குள் விட்டுவிடுகிறார்கள்.

டீ நேரத்தில் மூச்சு

நாற்காலியோ திண்ணையோ, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படி உட்காருங்கள். பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள். சேலை கட்டியிருந்தால் பாவாடை நாடாவைக் கொஞ்சம் இளக்கிக்கொள்ளுங்கள். நாடா இறுக்கமாக இருந்தால் வயிறு விரிய இடமில்லாமல் மூச்சு நெஞ்சிலேயே மேலோட்டமாக நின்றுவிடும். ஒரு கையைத் தொப்புளுக்குக் கீழே வையுங்கள்.

முதல் ஐந்து மூச்சை மாற்றவே வேண்டாம், எப்படி வருகிறதோ அப்படியே பாருங்கள். பிறகு மூக்கால் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை ஓடுவது வழக்கம். பத்து மூச்சு போதும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வெளிமூச்சை நீளமாக்குவதற்குக் காரணம் உண்டு: மூச்சு வெளியேறும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு கொஞ்சம் மெதுவாகிறது.

தலை கிறுகிறுத்தாலோ, உதடும் விரல் நுனியும் ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ தேவைக்கு மேல் ஆழமாக இழுக்கிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது அது. எண்ணிக்கையை நிறுத்திவிட்டு இயல்பாக விடுங்கள், தானாகச் சரியாகும். பஞ்சுத் தூசியில் மூக்கு அடைத்திருக்கும் நாளில் மூச்சோடு மல்லுக்கட்டாதீர்கள். அன்றைக்குப் பாதத்தைக் கவனியுங்கள்: குதிகால் எங்கே அழுந்துகிறது, தரை சூடா குளிர்ச்சியா, எந்தக் கால் அதிகப் பாரம் தாங்குகிறது. மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் கண்ணைத் திறந்து வைத்துப் பாதத்தைப் பார்ப்பதே சரியான வழி.

“மனசு நிக்கவே மாட்டேங்குதுங்க” என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. நிற்க வேண்டியதில்லை. மூன்றாவது மூச்சிலேயே வட்டிக்கணக்குக்கு ஓடிவிட்டது என்று தெரிந்த அந்த நொடியே பயிற்சி வேலை செய்த நொடி. திட்டாமல் அடுத்த மூச்சுக்கு வாருங்கள். பத்து மூச்சில் எட்டு முறை ஓடி எட்டு முறை திரும்பினால் எட்டு முறை பழகியதாகக் கணக்கு.

மெஷினில் இருக்கும்போது

தையல் ஓடும்போது கவனம் ஊசியிலும் துணியிலும்தான் இருக்க வேண்டும். அப்போது உடம்பைக் கவனிக்கப் போனால் விரலில் ஏறிவிடும். ஒரு பண்டில் (துணிக்கட்டு) முடிந்து அடுத்ததை எடுக்கும் இடைவெளிதான் வாய்ப்பு. தாடை, தோள், பெடல் மிதிக்கும் கால் என்று மூன்று இடத்தை மட்டும் பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடித்தபடி இருந்தால் நாக்கைத் தளர்த்துங்கள், தாடை தானே இறங்கும். தோளை ஒருமுறை நன்றாக மேலே தூக்கி அப்படியே விட்டுவிடுங்கள். வெறுமனே ‘இறக்கு’ என்றால் இறுகிய தசைக்குப் புரியாது, தூக்கிவிட்டால் தெரியும்.

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. சத்தத்தைக் கவனித்தால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனசுக்குப் பழகினாலும் காது கெடுவது நிற்காது, காதடைப்பான் போட்டே ஆகவேண்டும். அதேபோல் ஓவர்டைம் காசு வராததற்கும் டார்கெட் நெருக்கடிக்கும் மூச்சுப் பயிற்சி பதிலாகாது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்க வேண்டும்.

வண்டி ஓட்டும்போது சிவப்பு சிக்னலை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். கோயம்புத்தூரில் பல சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் ஆக்கிவிட்டதால் அந்த வசதி குறைந்துபோச்சு. அதற்குப் பதில், வண்டியில் இல்லாத நேரத்தில் போன் மணியை வைத்துக்கொள்ளலாம்: இரண்டாவது மணிவரை எடுக்காமல் ஒரு வெளிமூச்சு.

சாப்பாட்டில்

முதல் ஐந்து கவளம் மட்டும் போன் இல்லாமல், பேச்சு இல்லாமல். அரிசிம்பருப்பு சாதம் என்றால் கைக்கு வரும் சூடு, நெய் மணம், பல்லில் அகப்படும் சீரகம் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். வாயில் இருப்பதை விழுங்கும்வரை அடுத்த கவளத்தை உருட்டாதீர்கள், கை தட்டின் விளிம்பில் சும்மா இருக்கட்டும். 32 முறை மெல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தால் கவனம் எண்ணிக்கைக்குப் போய் ருசி விட்டுப்போகும்.

பாதித் தட்டு ஆனதும் ஒருமுறை நிறுத்தி, வயிற்றில் இன்னும் பசி இருக்கிறதா, வாய் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு முழுதாகப் போய்ச்சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவருக்கு அந்தச் சேதி மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் வரும், மந்தமாக. அவசரம் தவிர்க்க முடியாத நாளில் ஒரு கரண்டி குறைவாகப் போட்டுக்கொள்வது நல்லது.

நடையிலும் படியிலும்

ஈரோடு பக்கம் சென்னிமலை முருகன் கோயிலின் 1320 படிகள் இதற்கு அருமையான இடம். ஒரே விதிதான்: மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் மட்டும் ஏறுங்கள். வாய் திறந்துகொண்டால் வேகம் கூடிவிட்டது, படியோரம் நின்று மூச்சு மூக்குக்குத் திரும்பியதும் தொடருங்கள். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். கல் சுட்டால் பாதத்தைக் கவனிக்க முடியாது, ஓடத்தான் முடியும். இறங்கும்போது பாதம் முழுசாகப் படியில் பதிய வேண்டும். முட்டிவலி இருப்பவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே சிரமம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் இதை அவசியம் பழக வேண்டும். கொப்புளம் எழுவதற்கு முன் அந்த இடத்தில் உரசும் சூடு தெரியும். தெரிந்த உடனே நின்று, ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் அடுத்த நாளும் நடக்கலாம். அடுத்த மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் கொப்புளம் உடைந்து, நொண்டி நடந்து, வலி இடுப்புக்கு ஏறும்.

படுக்கையில்

மல்லாந்து படுத்து, கால் கட்டைவிரலில் தொடங்கி உச்சந்தலைவரை ஒவ்வொரு பகுதியிலும் மூன்று மூச்சு நேரம் கவனத்தை வையுங்கள். பாதம், கெண்டைக்கால், முட்டி, தொடை, இடுப்பு, வயிறு, நெஞ்சு, கை, கழுத்து, முகம். மொத்தம் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஜான் கபட்-ஜின் 1979-ல் அமெரிக்காவில் தொடங்கிய எட்டு வார மனக்கவனப் பயிற்சியில் இதே முறை சுமார் 45 நிமிடம் செய்யப்படுகிறது. ஆழியாறு அறிவுத்திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷியின் (1911–2006) எளியமுறை உடற்பயிற்சியிலும் கடைசியில் உடல் தளர்த்தல் உண்டு. அவருடைய மனவளக்கலை மன்றத்துக்குப் போய்ப் பழகியவர்கள் அதையே செய்யலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

முட்டிக்கு வருமுன் தூங்கிவிட்டால் கவலையில்லை, படுக்கை அதற்குத்தானே. தூங்காமல் முழுதும் செய்ய விருப்பமென்றால் உட்கார்ந்து செய்யுங்கள். சம்மணத்தில் கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால்தான், பொறுத்துக்கொள்வது சாதனை இல்லை. மடித்த போர்வையை இடுப்புக்கு அடியில் நான்கு விரல் உயரம் வைத்தால் முட்டி இறங்கி அழுத்தம் குறையும். இல்லையென்றால் நாற்காலி.

நெஞ்சில் அழுத்தும் வலியோ, கைக்குப் பரவும் வலியோ வந்தால் அதைக் கவனித்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.