சாக்கெட்டில் உட்கார்ந்தால் போதுமா? ஆம்ப்புக்கு வால்வு வாங்குவோர் செய்யும் தவறுகள்

கடையில் டியூப் என்று கேட்டால் டியூப்லைட்டை எடுத்து நீட்டுவார்கள். அதனால் வால்வு என்றே சொல்கிறேன். தாத்தா காலத்து ரேடியோவில் மினுக்கென்று எரிந்ததே, அதே சாமான்தான். பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில், அதாவது ஆம்ப்பில், மாட்டுவதும் அதைத்தான்.

முள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று செருகிவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. இசிசி83, இசிசி88 என்று இரண்டு வால்வு வகைகள்; இரண்டுக்கும் ஒன்பது முள். ஆனால் இசிசி83-இன் ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழை) நடுவிலிருந்து ஒன்பதாவது முள்ளுக்கு ஓர் இணைப்பு உண்டு. அதனால் அதை 12.6 வோல்ட்டிலும் எரிக்கலாம், 6.3 வோல்ட்டிலும் எரிக்கலாம். இசிசி88-க்கு 6.3 மட்டும்தான். 12.6 வரும் சாக்கெட்டில் அதைச் செருகினால் ஹீட்டர் போச்சு. இசிசி83-ஐ 6.3-இல் எரிக்க வயர் செய்த சாக்கெட்டில் இசிசி88-ஐச் செருகினாலோ எரியவே எரியாது.

இசிசி82 அப்படியில்லை, இசிசி83-இன் சாக்கெட்டிலேயே ஒழுங்காக எரியும். ஆனால் இசிசி83-இன் பெருக்கத் திறன் 100, இதற்குச் சுமார் 17. சத்தம் குறைந்துபோனதைத்தான் பலர் ‘இனிமை கூடிவிட்டது’ என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வில் செய்கிற தவறுக்குச் செலவு அதிகம். ஒருமுறை புது இஎல்34 ஜோடியை மாட்டிவிட்டு, பயாஸ், அதாவது பாட்டு ஓடாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு, பார்க்காமல் பாட்டுக் கேட்க உட்கார்ந்தேன். விளக்கை அணைத்ததும்தான் தெரிந்தது, மின்னோட்டம் மிஞ்சி, ஒரு வால்வின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகட்டில், அதாவது பிளேட்டில், தீக்கோடு போலச் சிவப்பு. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

கணக்கு எளிது. இஎல்34-இன் பிளேட் 25 வாட் தாங்கும். அதில் 70 சதவீதம், 17.5 வாட், பாதுகாப்பான அளவு. பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 17.5-ஐ 450-ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 39 மில்லிஆம்பியர். கேத்தோடில் (எலெக்ட்ரான் கிளம்பும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மல்டிமீட்டர் 39 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். பயாஸ் திருகு இல்லாத, தானே சரிசெய்துகொள்ளும் ஆம்ப்பில் இந்தத் தலைவலி இல்லை. ஒரே மாதிரி மின்னோட்டம் எடுக்கிறதா என்று பொருத்தம் பார்த்த ஜோடி மட்டும் போதும். அப்புறம், மூடியைத் திறக்கத் தெரியாதவர் திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் தங்கியிருக்கும்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்விலும் இதே கதைதான். ஜிஇசட்34-இன் ஹீட்டர் 1.9 ஆம்பியர் எடுக்கும். அதற்குப் பதிலாக மாட்டும் 5யு4-க்கு 3 ஆம்பியர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

பெயரைப் பார்த்துக் காசைக் கொட்டுவது இன்னொன்று. பழைய முல்லார்ட் பிராண்டு வால்வு இங்கிலாந்தின் பிளாக்பர்னில் தயாரானது. இன்று அதே பெயரில் வரும் புது வால்வு ரஷ்யாவின் சரத்தோவ் நகரத் தொழிற்சாலையில் உருவாகிறது. டங்-சோல், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சொவ்டெக் பிராண்டுகள் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. மோசமான வால்வுகள் இல்லை; ஆனால் பழைய பெயருக்காகக் கூடுதல் விலை எதற்கு? நம் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் செய்த இசிசி83-ஐ வெளிநாட்டுக்காரர்களே தேடி வாங்குகிறார்கள்.

பழைய சரக்கில் போலியும் கலந்திருக்கும். கண்ணாடிமேல் பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஜெர்மன் நிறுவனமான டெலிஃபங்கன் தானே செய்த சின்ன வால்வுகளின் அடியில், முட்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவம் பதிந்திருக்கும். அது இல்லாத வால்வுக்கு டெலிஃபங்கன் விலை கொடுக்க நான் தயாரில்லை.