இரு சக்கர வாகன விபத்து: இழப்பீடு கோருபவர் முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டியவை

பைக்கில் சென்றவர் மீது கார் மோதுகிறது. மருத்துவமனையில் பணியிலிருக்கும் மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்க, பதற்றத்திலிருக்கும் உறவினர் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்கிறார்; அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயத்தில் எடுத்துக்காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். எனவே எந்த வாகனம், எந்தத் திசையிலிருந்து வந்து மோதியது என்பதை முதல் விசாரிப்பிலேயே உண்மையாகவும் முழுமையாகவும் சொல்லுங்கள். பதிவெண் தெரியாவிட்டால், அடையாளம் தெரியாத கார் மோதியது என்றாவது பதிவாக வேண்டும்.

அடுத்தது காவல் நிலையம். முதல் தகவல் அறிக்கையில் இடம், நேரம், மோதிய வாகனத்தின் எண், ஓட்டுநரின் கவனக்குறைவு எப்படிப்பட்டது என்பவை தெளிவாக இருக்க வேண்டும். அதன் நகலோடு பார்வை மகசர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்று, பின்னர் குற்றப்பத்திரிகை ஆகியவற்றையும் வாங்கி வையுங்கள். காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதிகள் கூறினாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஏனெனில் காலக்கெடு இப்போது குறுகியது. இழப்பீட்டு மனுவை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று பெரியவர்கள் சொல்வது பழைய நிலை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்கீழ் வாகன உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வசிக்கும் ஊரிலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். சென்னையில் இது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். 32 வயதுக் கொத்தனார் ஒருவருக்குக் கால் முறிந்து, உழைக்கும் திறனில் 30 விழுக்காடு நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று நிரூபித்தால், எதிர்கால வளர்ச்சிக்காக 40 விழுக்காடு சேர்த்து 25,200 ஆகும். அதை 12 மாதங்களாலும் அவர் வயதுக்கென்று வகுக்கப்பட்ட பெருக்கும் எண்ணான 16ஆலும் பெருக்கி, அதில் 30 விழுக்காடு கண்டால் 14,51,520 ரூபாய் வரும். சான்று இல்லாமல் தீர்ப்பாயம் 12,000 ரூபாயையே வருமானமாகக் கொண்டால் இதே கணக்கு 9,67,680 ரூபாயில் நின்றுவிடும். மேஸ்திரியின் சம்பளக் குறிப்பேடு, வங்கிக் கணக்கு, நலவாரிய அட்டை என்று கையிலிருக்கும் எதையும் அற்பமாக நினைக்காதீர்கள்.

ஊனத்தின் விழுக்காடும் அப்படித்தான். மருத்துவக் குழு தரும் அளவும் பிழைப்பில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. இடது கையை இழந்த தச்சருக்கு வாழ்வாதாரமே போகலாம், அலுவலக எழுத்தர் வேலையைத் தொடரலாம். ஆகவே உங்கள் தொழிலில் எந்தெந்த வேலை இனி முடியாது என்பதைச் சாட்சியத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மருத்துவச் செலவு, வலி, உடனிருந்தவரின் செலவு ஆகியவை தனித் தலைப்புகளில் சேரும்.

ஹெல்மெட் அணியாததாலோ மூவர் சென்றதாலோ வழக்கே போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமானது என்று காட்டினால்தான் தொகை குறையும்.

மோதிய வாகனம் கடைசிவரை தெரியவராவிட்டால் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். யாரும் மோதாமல் வண்டி சறுக்கி விழுந்திருந்தால், உரிமம் பெற்ற உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் அமர்ந்திருந்தவருக்கு அது பொதுவாக உதவாது.

மருத்துவமனைக்கே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகரிடம் எதையும் கொடுக்காதீர்கள். பெண்கள், பட்டியலின, பழங்குடி மக்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் பேசும்போதும் மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் உத்தரவில் தொகை குறைவாக இருந்தால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம்.