அலையில் கப்பல் எப்படித் திரும்பும்? தர்மபுரியில் இருந்தபடியே கணித்துப் பார்க்கலாம்

மூன்று வாரம், கணினியில் நான் ஓட்டிய கப்பல் அலையை எதிர்த்தே நகர்ந்துகொண்டிருந்தது. சுக்கானை 35 பாகை திருப்பிவிட்டால் கப்பல் வட்டமடிக்கும். அலை இருந்தால் அந்த வட்டம் சுற்றுக்குச் சுற்று தள்ளிக்கொண்டே போகும். அது வரைக்கும் சரி. ஆனால் என் கிராஃபில் அலை வரும் பக்கமாகவே தள்ளிப் போனது. அந்தச் சிக்கல் தீர்ந்த கையோடு இதை எழுதுகிறேன். பைத்தான் ஓரளவு தெரிந்தால் போதும்.

முதலில் கப்பல். கேவிஎல்சிசி2 என்ற எண்ணெய்க் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 320 மீட்டர், அகலம் 58, மிதப்பு ஆழம் 20.8. நிஜத்தில் கட்டப்படாத கப்பல்தான், ஆனால் இதன் மாதிரிகளைத் தொட்டிகளில் ஓட்டி எடுத்த குணகங்கள், அதாவது விசையைக் கணக்கிட வேண்டிய எண்கள், வெளியாகியிருக்கின்றன. அவற்றை எம்எம்ஜி முறையில் போடுங்கள். 1970களில் ஜப்பானில் உருவான முறை இது. உடல், உந்தி (புரொப்பெல்லர்), சுக்கான் மூன்றின் விசையையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டும். அதனால் அலையை நான்காவதாகச் சேர்ப்பது எளிது. சிலர் எக்செல்லில் செய்கிறார்கள், வேண்டாம். ஆயிரக்கணக்கான வரிசைகளுக்குள் ஒரு குறி மாறிப்போனால் கண்ணில் படவே படாது.

அலை இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 2002இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்ற அளவுகோல்படி, அமைதியான ஆழ்கடலில் முன்னேற்றம் (கப்பல் 90 பாகை திரும்புவதற்குள் பழைய திசையில் போகும் தூரம்) கப்பல் நீளத்தின் 4.5 மடங்குக்குள்ளும், வட்டத்தின் விட்டம் 5 மடங்குக்குள்ளும் இருக்க வேண்டும். நம் கப்பலுக்கு 1,440 மீட்டர், 1,600 மீட்டர். இதைத் தாண்டினால் அலைப் பக்கமே போகாதீர்கள், குணகங்களைத் திரும்பச் சரிபாருங்கள்.

இனி அலை. கப்பலை முன்னும் பின்னும் ஆட்டும் விசை ஒவ்வொரு அலைக்கும் வந்து, சராசரியில் கழிந்துவிடும். அதற்கடியில் சின்னதாக ஒரு தள்ளுவிசை மட்டும் கழியாமல் நிற்கும். வட்டத்தை நகர்த்துவது அதுதான். அலை உயரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 2 மீட்டர் அலை 4 மீட்டரானால் விசை நான்கு மடங்காகும். அலை நீளம், வேகம், கோணம் வாரியாக இதற்கு ஓர் அட்டவணை தயாரித்து வைத்துக்கொண்டு, கணக்கின் ஒவ்வொரு நேர அடியிலும் அதிலிருந்து எடுத்துக் கூட்டினால் போதும்.

நான் விழுந்த குழி கோணத்தில்தான். வானிலைக் குறிப்பில் ‘வடகிழக்கு அலை’ என்றால் வடகிழக்கிலிருந்து வருகிறது என்று பொருள்: 45 பாகை. நம் சூத்திரத்துக்கு வேண்டியதோ அலை எங்கே போகிறது என்பது: 225 பாகை. நான் 45ஐ அப்படியே போட்டேன். எதிரலை பின்னலையாகிவிட்டது. அலை வரும் திசையோடு 180ஐக் கூட்டி, அதைக் கப்பலின் திசையிலிருந்து கழியுங்கள். விடை 0 என்றால் பின்னலை, 180 என்றால் எதிரலை.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 10 விநாடிக்கு ஒன்றாக வரும் அலையை 15.5 நாட் (மணிக்குச் சுமார் 29 கி.மீ.) வேகத்தில் எதிர்கொண்டால், கப்பலுக்கு அது 6.6 விநாடிக்கு ஒன்று. அதே அலை பின்னாலிருந்து வந்தால் 20 விநாடிக்கும் மேல். ஒரே அலைதான், கப்பல் உணர்வது இரண்டு வேறு அலைகள்.

தவறு பிடிபட்டது ஒகேனக்கலில். பரிசல்காரர் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுப் பரிசலைச் சுழற்றினார். எதிரே பாறை, அப்புறம் அருவி, அப்புறம் பாறை என்று மாறி மாறி வந்தது. நின்றபோது கரையிலிருந்த அடையாள மரம் எங்களுக்கு மேலே, நீரோட்டம் வரும் பக்கத்தில் இருந்தது. சுழன்றபடியே கீழே இறங்கியிருக்கிறோம். காவிரியின் ஓட்டமும் கடல் அலையின் தள்ளுதலும் வேறு வேறுதான். ஆனால் சுற்றுகிற பொருள் தள்ளுகிற பக்கம்தானே போக வேண்டும்? அன்றிரவே தர்மபுரிக்குத் திரும்பிக் குறியைத் தேடினேன். அலை போகும் திசையில், சற்றே சாய்வாக வட்டம் நகர்ந்தால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. திரும்பும்போது இந்தக் கப்பலின் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். எனவே அலை எத்தனை விநாடிக்கு ஒன்று என்று மேலே சொன்ன கணக்கை ஒவ்வொரு நேர அடியிலும் அப்போதைய வேகத்தை வைத்தே போடுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒரு தம்பி கேட்டார், “அண்ணா, அரைச் சுற்று வரை சரியாக வருகிறது, அதற்குப் பிறகு வட்டம் உடைகிறது, ஏன்?” அட்டவணை 0 முதல் 180 பாகை வரைதான் இருக்கும். கப்பல் சுற்றச் சுற்ற கோணம் அதைத் தாண்டிவிடும். முதலில் கோணத்தை −180க்கும் 180க்கும் இடையே கொண்டுவாருங்கள். குறை எண் வந்தால் குறியை நீக்கிவிட்டு அட்டவணையில் தேடுங்கள். முன்பின் விசையை அப்படியே வையுங்கள். பக்கவாட்டு விசைக்கும் திருப்பு முறுக்கத்துக்கும் மட்டும் குறியை மாற்றுங்கள். அவருக்கு அதன் பிறகு மூன்று சுற்றும் உடையாமல் வந்தது.